இறங்குவதற்கும் படி வேண்டும்

2022 ஏப்ரல். தில்லியில் புதுக் கல்வியாண்டு ஏப்ரல் ஒன்றாம் தேதி தொடங்கிவிடும். அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் எனக்குச் சொன்னார்கள்: இந்த வருடம் உங்களுக்கு ஒன்பதாம் வகுப்பும் பத்தாம் வகுப்பும் இல்லை, இரண்டாம் வகுப்பு 'பி' பிரிவு. பதினோரு வருடமாகப் பெரிய வகுப்புகளுக்குக் கணக்கு மட்டுமே எடுத்தவள் நான். மேற்கு தில்லியில் நான் அப்போது வேலை பார்த்த தனியார் பள்ளியில், கொரோனா சமயத்தில் சம்பளத்தைக் குறைத்ததும் சின்ன வகுப்பு ஆசிரியைகள் சிலர் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அந்த இடங்களுக்குப் புதிதாக ஆள் எடுக்கவில்லை. மேல் வகுப்பில் இருந்தவர்களைக் கீழே இறக்கினார்கள்.

"சோட்டே பச்சே ஹை மேம், ஆராம் ஸே ஹோ ஜாயேகா" என்றார் பொறுப்பில் இருந்தவர். சின்னப் பிள்ளைகள்தான், சுலபமாக முடிந்துவிடும் என்று ஆறுதலாகத்தான் சொன்னார். நானும் அதை நம்பினேன். ஒன்பதாம் வகுப்புக்குப் பல்லுறுப்புக் கோவை சொல்லிக்கொடுத்தவளுக்கு ஈரிலக்கக் கழித்தல் என்ன பெரிய விஷயம்?

முப்பத்தெட்டுப் பிள்ளைகள். தில்லியில் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் சின்ன வகுப்புகளுக்கு ஒழுங்காகத் திறந்தது 2022 பிப்ரவரி நடுவில். அதாவது என் முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் யூகேஜி, ஒன்றாம் வகுப்பு இரண்டையும் அம்மாவின் கைப்பேசியில் படித்து முடித்தவர்கள். பென்சிலை முஷ்டியால் பிடிக்கிற பிள்ளைகள் இருந்தார்கள். பக்கத்தில் இன்னொரு பிள்ளை உட்கார்ந்திருப்பதே புதுமையாக இருந்தது அவர்களுக்கு. முதல் வாரம் பாடம் என்று நான் எதையும் நடத்தவில்லை. நடத்த முடியவில்லை என்பதுதான் சரி.

ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு மாறுகிற ஆசிரியருக்குத் தனித் தகுதி வேண்டுமா என்று என்னை யோசிக்கவைத்தது இரண்டாவது மாதத்தில் வந்த ஒரு கணக்கு. இந்தக் கட்டுரைக்குக் காரணமும் அதுதான். கரும்பலகையில் 52-இலிருந்து 28-ஐக் கழிக்கச் சொன்னேன். பாதிப் பேருக்கு மேல் 36 என்று எழுதியிருந்தார்கள். எட்டில் ரெண்டு போனால் ஆறு, ஐந்தில் ரெண்டு போனால் மூன்று. பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்துவிட்டார்கள், அவ்வளவுதான். சரி என்று 'கடன் வாங்கிக் கழித்தல்' சொல்லிக்கொடுத்தேன். ஐந்தை அடி, நாலு போடு, ரெண்டு பக்கத்தில் ஒன்று போட்டுப் பன்னிரண்டு ஆக்கு. நான் படித்தபோது எனக்குச் சொல்லித்தந்த விதமும் இதுதான். மறுநாள் 52-இலிருந்து 21 கொடுத்தேன். ஒரு பிள்ளை அதிலும் கடன் வாங்கி, 12-இல் ஒன்று போக 11, நாலில் ரெண்டு போக 2 என்று வரிசையாக எழுதி, 211 என்று விடை போட்டிருந்தது. ஐம்பத்திரண்டிலிருந்து எடுத்த பிறகு இருநூற்றுப் பதினொன்று மிஞ்சுவதில் அந்தப் பிள்ளைக்கு எந்தச் சங்கடமும் இல்லை. என் கண்ணைப் பார்த்துச் சிரித்தது, ஸ்டார் போடுவேன் என்று.

அன்றைக்கு வீட்டுக்குப் போகிற மெட்ரோவில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. பிள்ளை தப்பாகப் போட்டதற்காக இல்லை. ஏன் தப்பு வந்தது என்பது எனக்குத் தெரியவில்லை. பத்தாம் வகுப்பில் ஒரு பையன் தப்புப் போட்டால் எந்த வரியில் வழுக்கினான் என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடுவேன். இங்கே என் பதினோரு வருட அனுபவம் ஒரு பைசாவுக்கு உதவவில்லை.

அந்தப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த ஒரு தமிழ் டீச்சர் இருந்தார். திருநெல்வேலிப் பக்கம். பிளஸ் டூ முடித்ததும் ஊரிலேயே இரண்டு வருட ஆசிரியர் பயிற்சி படித்தவர், கல்யாணமாகி ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸுக்கு வந்தவர். இருபத்தாறு வருடமாக ஒன்று, இரண்டு தவிர வேறு வகுப்பு எடுத்ததில்லை. நாங்கள் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். அவரிடம் அந்த நோட்டைக் காட்டினேன்.

"ஏம்மா, அதுக்கு அம்பத்திரண்டுன்னா என்னன்னு தெரியுமான்னு பாத்தியா?" என்றார்.

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் ஒரு பழைய பிஸ்கட் டின்னோடு என் வகுப்புக்கு வந்தார். உள்ளே ஐஸ்குச்சிகள், ரப்பர் பேண்டுகள். இங்கே இதைத் தீலி, பண்டல் என்பார்கள். அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, ஐம்பத்திரண்டு குச்சி எடுத்து வைக்கச் சொன்னார். அது ஒவ்வொன்றாக எண்ணியது. இருபத்தெட்டு வரை சரியாக வந்தது. அடுத்து என்னவென்று தெரியாமல் நின்றது. மறுபடி முதலிலிருந்து எண்ணியது, மறுபடி அதே இடத்தில் நின்றது.

அக்கா என் பக்கம் திரும்பி, "இந்தியிலே எண்ணுதுல்ல, கவனிச்சியா?" என்றார்.

அன்றுதான் எனக்கு ஒன்று விளங்கியது. நாம் தமிழில் இருபத்தொன்பது என்கிறோம். இருபதும் ஒன்பதும் காதில் விழுகின்றன. இந்தியில் 29 என்பது உன்தீஸ். முப்பதுக்கு ஒன்று குறைவு என்கிற மாதிரி அமைந்த சொல். 39 உன்தாலீஸ், 59 உன்ஸட், 69 உன்ஹத்தர். நூறு வரைக்கும் ஏறக்குறைய ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு தனிப் பெயரை மனப்பாடம் செய்யவேண்டும். வீட்டில் இந்தியில் எண்ணி, பள்ளியில் இங்கிலீஷில் 'பிஃப்டி டூ' என்று வாசித்து, நோட்டில் 52 என்று எழுதுகிற பிள்ளைக்கு, அந்த 5 என்பது ஐந்து பத்து என்று எந்த இடத்திலும் கேட்பதில்லை. அதற்கு 52 என்பது ஓர் ஐந்தும் ஒரு ரெண்டும். அப்படியிருக்க எங்கிருந்து கடன் வாங்கும், எதைக் கடன் வாங்கும்? (தமிழிலும் தொண்ணூறு, தொள்ளாயிரம் என்று சில இடங்களில் இடறும். ஊரில் பிள்ளைகள் எண்பத்தொன்பதுக்கு அப்புறம் திணறுவதைப் பார்த்திருக்கிறேன். அது ஏன் என்றும் அன்றுதான் யோசித்தேன்.)

அக்கா பத்துப் பத்தாகக் குச்சிகளைக் கட்டச் சொன்னார். ஐந்து கட்டு, இரண்டு தனிக் குச்சி. "இதுலேர்ந்து எனக்கு எட்டு குச்சி குடு." பிள்ளை தனிக் குச்சிகளைப் பார்த்தது, கட்டுகளைப் பார்த்தது, ரொம்ப நேரம் யோசித்தது. பிறகு ஒரு கட்டிலிருந்து ரப்பர் பேண்டை உருவியது. யாரும் சொல்லவில்லை. கடன் வாங்குதல் என்ற சொல்லே அங்கே வரவில்லை. கட்டை அவிழ்த்தது, அவ்வளவுதான்.

எனக்குக் கணக்கில் பட்டம் இருக்கிறது. பி.எட். இருக்கிறது, 2010-இல் மதுரையில் முடித்தது. அப்போது அது ஒரு வருடப் படிப்புதான், 2015 முதல்தான் இரண்டு வருடமானது. கற்பித்தல் பயிற்சிக்கு எங்களை அனுப்பியது எட்டாம் வகுப்புக்கும் ஒன்பதாம் வகுப்புக்கும். ஏழு வயதுப் பிள்ளை முன்னால் ஒருநாள்கூட நிற்கவில்லை. இன்னும் ஒன்று சொல்லவேண்டும்: 2018 டிசம்பரில் நான் சிடெட் தாள் ஒன்று எழுதித் தேறியிருந்தேன். ஒன்று முதல் ஐந்து வரைக்கான மத்திய ஆசிரியர் தகுதித் தேர்வு அது. 150 கேள்வி, 90 எடுத்தால் தேர்ச்சி. குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும் என்று அதில் 30 கேள்வி உண்டு. ஏழு வயதிலிருந்து பதினொன்று வரை பிள்ளைகள் தொட்டுப் பார்க்கக்கூடிய பொருளை வைத்துத்தான் தர்க்கம் பழகுகிறார்கள் என்று குழந்தை உளவியலாளர் பியாஜே சொன்னதைச் சரியாகக் குறித்து மார்க்கும் வாங்கியிருப்பேன். அந்த அறிவு என் வகுப்புக்குள் வரவே இல்லை. ஒரு பிஸ்கட் டின்னாகத்தான் வந்து சேர்ந்தது.

நான் எப்படித் தாள் ஒன்று எழுத முடிந்தது என்பதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பிறகு, எந்த வகுப்புக்கு யார் ஆசிரியராகலாம் என்று வரையறுக்கும் பொறுப்பு தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்துக்கு வந்தது. ஒன்று முதல் ஐந்து வரை எடுக்க அடிப்படைத் தகுதி தொடக்கக் கல்விப் பட்டயம், அதாவது அக்கா படித்த மாதிரி இரண்டு வருட ஆசிரியர் பயிற்சி. ஆறு முதல் எட்டுக்குப் பட்டமும் பி.எட்.டும் ஏற்புடையவை. 2018 ஜூன் 28 அன்று குழுமம் ஒரு புது அறிவிப்பு கொண்டுவந்தது: பி.எட். முடித்தவர்களும் ஒன்று முதல் ஐந்துக்கு வரலாம், வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடத்துக்குள் ஆறு மாதப் பிரிட்ஜ் கோர்ஸ் (தொடக்க வகுப்புக்கான இணைப்புப் படிப்பு) முடித்தால் போதும். நாடு முழுக்கப் பட்டயம் படித்தவர்கள் கொதித்தார்கள். ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் 2021 நவம்பரில் அந்த அறிவிப்பை ரத்து செய்தது. 2023 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. தொடக்க வகுப்புப் பிள்ளைக்கு எப்படிச் சொல்லித்தருவது என்பதற்கான பயிற்சி பி.எட்.டில் இல்லை, தரமில்லாத கல்வியைக் கட்டாயமாக்கி என்ன பயன் என்பதுதான் தீர்ப்பின் சாரம்.

அந்தத் தீர்ப்பு வந்த அன்று எங்கள் ஆசிரியர் அறையில் பெரிய சண்டை. "நல்ல டீச்சர் யாருக்கும் சொல்லித்தருவாள், இதற்கெல்லாம் தனிச் சான்றிதழா?" என்றார்கள் பலர். இரண்டு வருடம் முன்னால் கேட்டிருந்தால் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். அன்று சொல்ல வாய் வரவில்லை. ஆமாம், நிலை மாறுகிற ஆசிரியருக்குத் தனியாக ஒரு தகுதி வேண்டும். மேலே ஏறுகிறவருக்கு வேண்டும் என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். கீழே இறங்குகிறவருக்கும் வேண்டும் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் மனம் வருவதில்லை. நம் மனதில் சின்ன வகுப்பு என்றால் சின்ன வேலை.

ஆனால் அந்தத் தீர்ப்பின் இன்னொரு பக்கத்தையும் பார்க்கவேண்டும். அரசு அறிவிப்பை நம்பி வேலைக்குச் சேர்ந்தவர்கள் என்ன தப்பு செய்தார்கள்? சத்தீஸ்கரில் மட்டும் பி.எட். தகுதியில் சேர்ந்த 2,800-க்கும் அதிகமான ஆசிரியர்கள் பின்னால் வேலை இழந்து தெருவில் உட்கார்ந்தார்கள்; அவர்களுக்கு நியமனம் வந்தது தீர்ப்பு நாளுக்குப் பிறகு. 2024 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு விளக்கம் கொடுத்தது: தீர்ப்பு நாளுக்கு முன்னால் முறையாக நியமிக்கப்பட்டவர்கள் தொடரலாம், அவர்களுக்காகப் பிரிட்ஜ் கோர்ஸை வடிவமைக்க வேண்டும் என்று. 2018-இலேயே சொன்ன படிப்பை 2024-இல் வடிவமைக்கச் சொல்லவேண்டியிருந்தது. இப்போது அதைத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகத் தொலைதூரப் படிப்பாகக் கொண்டுவந்திருக்கிறார்கள். ஏற்கெனவே வகுப்பில் நிற்பவர்களை எடுத்துக்கொண்டுபோய் ஒரு கல்லூரியில் உட்காரவைக்க முடியாது, அது புரிகிறது. ஆனாலும் குச்சிக் கட்டை அவிழ்க்கிற அந்த நிமிடத்தைப் பாடப் புத்தகம் எப்படிக் காட்டும் என்று எனக்குத் தெரியவில்லை. யாராவது பக்கத்தில் இருக்கவேண்டும்.

தேர்வு ஒன்றே தகுதி ஆகிவிடுவதில் எனக்குள்ள பயம் என் சித்தியால் வந்தது. விருதுநகர்ப் பக்கம் ஓர் அரசுத் தொடக்கப் பள்ளியில் இடைநிலை ஆசிரியர். (ஒன்று முதல் ஐந்து எடுப்பவரை இடைநிலை என்பது தமிழ்நாட்டு வழக்கம். தில்லியில் பி.ஆர்.டி. என்பார்கள்.) வயது 52. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம், பணியில் இருக்கிற ஆசிரியர்களும் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்று சொன்னது. ஓய்வுக்கு ஐந்து வருடத்துக்கு மேல் பாக்கி இருந்தால் இரண்டு வருடத்துக்குள் எழுதித் தேற வேண்டும். அதற்குக் குறைவாக இருந்தால் வேலையில் தொடரலாம், ஆனால் பதவி உயர்வு கிடையாது. சித்திக்கு எட்டு வருடம் பாக்கி. அன்று ராத்திரி போனில், "இத்தன வருசம் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிச்சதெல்லாம் கணக்குல வராதா?" என்று கேட்டார். அவரிடம் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டவர்களின் பிள்ளைகள் இப்போது அவரிடம் படிக்கிறார்கள். அவருக்கு வராத ஒன்றை 150 கேள்வி அவருக்குக் கொடுத்துவிடப் போவதில்லை. அதே சமயம், பட்டதாரி ஆசிரியராக மேலே போக வேண்டுமென்றால் அதற்கு ஏதோ ஒரு தனித் தகுதி தேவை என்பதைச் சித்தியே மறுக்கவில்லை. "எட்டாப்புக்கு இயற்கணிதம் எடுக்கச் சொன்னா நான் மறுபடி படிச்சுட்டுத்தான் போவேன்" என்றார்.

அது உண்மை. சின்ன வகுப்பில் "பெரிய எண்ணிலிருந்துதான் சின்ன எண்ணைக் கழிக்கலாம்" என்று சொல்லிப் பழகியவர், ஆறாம் வகுப்பில் மைனஸ் எண்கள் வரும்போது தான் சொன்னதையே மாற்றிச் சொல்லவேண்டும். மூன்றிலிருந்து ஐந்தைக் கழிக்கலாம், மைனஸ் இரண்டு வரும் என்று. அதை ஏன் அப்படிச் சொன்னோம், இப்போது ஏன் இப்படிச் சொல்கிறோம் என்று விளக்க இரண்டு பக்கமும் தெரிந்தவர் வேண்டும். தில்லியில் இது இன்னும் சிக்கல். மாநகராட்சிப் பள்ளிகள் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். ஆறாம் வகுப்புக்குப் பிள்ளைகள் தில்லி அரசின் பள்ளிக்குப் போவார்கள். நிர்வாகம் வேறு, ஆசிரியர்கள் வேறு. ஐந்தாம் வகுப்பு டீச்சரும் ஆறாம் வகுப்பு டீச்சரும் ஒருவரை ஒருவர் பார்க்காமலே ஒரே பிள்ளையைக் கைமாற்றுகிறார்கள்.

இப்போது சம்பளத்துக்கு வருகிறேன், இதைச் சொல்லாமல் தகுதியைப் பற்றிப் பேசுவதில் நியாயமில்லை. ஏழாவது ஊதியக் குழுவின்படி மத்திய அரசுப் பள்ளிகளில் தொடக்க வகுப்பு ஆசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 35,400 ரூபாய், ஆறிலிருந்து பத்து வரை எடுப்பவருக்கு 44,900, மேல்நிலைக்கு 47,600. ஒன்றாம் வகுப்பில் வாசிக்கக் கற்றுத்தருவதில் ஒருவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், சம்பளம் உயர வேண்டுமானால் அந்த வகுப்பை விட்டு ஏற வேண்டும். அக்கா மாதிரி ஆட்கள் பதவி உயர்வு வாங்கினால் முதலில் நஷ்டப்படுவது ஒன்றாம் வகுப்புதான். 2020-இன் தேசியக் கல்விக் கொள்கையில் எனக்கு ஒப்புதல் இல்லாத விஷயங்கள் பல உண்டு, மொழி விஷயம் முதலாக. ஆனால் அதில் ஓர் இடம் எனக்கு மிகவும் பிடிக்கும்: ஒரு நிலைக்குள்ளேயே ஆசிரியர் வளர வழி இருக்கவேண்டும், பதவி உயர்வுக்காக ஒரு நிலையை விட்டு இன்னொன்றுக்குப் போக வேண்டிய கட்டாயம் இருக்கக்கூடாது, விருப்பமும் தகுதியும் இருந்தால் மாறலாம் என்கிறது. எழுதி வருடங்கள் ஓடிவிட்டன. சம்பள வரிசை அப்படியேதான் இருக்கிறது.

அந்தத் தகுதி எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டால், எனக்குத் தெரிந்தது என் அனுபவம்தான். ஆறு மாதம் போதும். அந்த ஆறு மாதமும் தினம் பாதி நேரம் ஓர் அனுபவசாலியின் வகுப்பில், அவர் பக்கத்தில் இருக்கவேண்டும். முதல் மாதம் பார்க்க மட்டும். பிறகு நாலு பிள்ளைகளோடு, அப்புறம் முழு வகுப்போடு. நாம் எடுப்பதை அவர் பார்க்கவேண்டும். முடிவில் தகுதி வந்துவிட்டதா என்று சொல்கிறவரும் அவராக இருக்கவேண்டும், அவருக்கு அதற்குத் தனிச் சம்பளம் கொடுக்கவேண்டும். செலவு பள்ளியுடையது. நம் வேலையில் பெரும்பாலும் பெண்கள். பள்ளி முடிந்து வீட்டுக்கு வந்து சமையல், மாமியார், பிள்ளையின் வீட்டுப்பாடம் எல்லாம் முடித்துக் கைக்காசு கட்டி ஞாயிற்றுக்கிழமை படி என்றால், அது பணம் பண்ணுகிறவர்களுக்கு இன்னொரு கடையாகத்தான் முடியும். இரண்டிலிருந்து மூன்றுக்கும் எட்டிலிருந்து ஒன்பதுக்கும் மாறுகிறவர்களை இதில் இழுக்க வேண்டாம். பிள்ளை உலகத்தைப் பார்க்கிற விதம் மாறுகிற இடத்தில் மட்டும்.

ஆள் பற்றாக்குறைக்கு என்ன செய்வது என்று கேட்பார்கள். ஓராசிரியர் பள்ளிகள் இன்னும் இருக்கிற நாட்டில் அது நியாயமான கேள்வி. ஆனால் 2022-இல் என் முப்பத்தெட்டுப் பிள்ளைகளுக்குக் கிடைத்ததும் பற்றாக்குறைக்கு ஒரு பதில்தான். அந்த வருடம் முழுக்க நான் மதிய இடைவேளைகளில் அக்காவிடம் கற்று, மறுநாள் வகுப்பில் எடுத்தேன். டிசம்பருக்குள் ஓரளவு பிடி கிடைத்தது. அப்படியானால் ஏப்ரலிலிருந்து டிசம்பர் வரை? அந்தப் பிள்ளைகளுக்கு இரண்டாம் வகுப்பு இன்னொரு தடவை வராது. இதை நான் எழுதாமல் இருக்கலாம். எழுதத்தான் வேண்டும்.

மறுவருடம் ஒன்பதாம் வகுப்புக்குத் திரும்ப அனுப்பினார்கள். 2024-இல் அக்கா ஓய்வு பெற்றார். சால்வை போர்த்தி, ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். நீங்கள் போவதற்குள் நாலு பேரைத் தயார் செய்துவிட்டுப் போங்கள் என்று ஒருவரும் அவரிடம் கேட்கவில்லை. போகும்போது பிஸ்கட் டின்னை என்னிடம் கொடுத்தார். அதன் பிறகு நானும் அந்தப் பள்ளியை விட்டுவிட்டேன். டின் என்னோடு இருக்கிறது.

போன வாரம் ஒரு பெண் போன் செய்தாள். கூட வேலை பார்க்கிறவளின் தங்கை, வேறொரு பள்ளியில் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. பி.எஸ்சி., பி.எட். ஏப்ரலிலிருந்து ஒன்றாம் வகுப்பு எடுக்கச் சொல்லியிருக்கிறார்களாம். "அக்கா, உங்களுக்குத்தான் இது தெரியும்னு சொன்னாங்க, என்ன படிச்சுட்டுப் போகணும்?" என்று கேட்டாள்.

சனிக்கிழமை ஜனக்புரிக்கு வரச் சொல்லியிருக்கிறேன். டின்னை எடுத்து வைத்திருக்கிறேன், புது ரப்பர் பேண்டும் வாங்கியாயிற்று. ஆனால் எனக்குத் தெரிந்தது இரண்டாம் வகுப்புதான். ஒன்றாம் வகுப்பு எனக்குத் தெரியாது. அதனால் ஆர்.கே.புரத்துக்குப் போன் போட்டு, சாயங்காலம் இரண்டு பேரும் வரலாமா என்று அக்காவிடம் கேட்டேன்.

"கூட்டிட்டு வாம்மா. பக்கத்து வீட்டுலே ஒரு அஞ்சு வயசுப் பிள்ள இருக்கு, அதையும் கூப்பிட்டு வச்சுக்கறேன்" என்றார்.